ஓமா டீல் எழுதிய நாற்பத்து மூன்று பக்கம்

ஓமா டீல் சட்டம் படிக்கப் போனதற்கு ஒரு நீதிபதியின் பல்வலிதான் காரணம். ஹேகர்ஸ் ஃபோர்க் பள்ளத்தாக்கில் சுரங்கக் கம்பெனி வெடி வைத்ததில் பதினோரு வீட்டுக் கிணறுகள் செம்மண் கரைசலாக மாறிவிட்டன. வழக்குப் போட வக்கீல் கிடைக்கவில்லை. கம்பெனியின் பெயரைக் கேட்டதுமே ஒவ்வொரு வக்கீலுக்கும் வேறு அவசர வேலை வந்துவிட்டது. பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த ஓமா, ஊறுகாய் ஜாடி நிறையத் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு தானே போய் வாதாடினாள். ஜாடியைத் திறந்து மேசைமேல் வைத்து, "ஒரு மடக்கு குடிச்சுப் பாத்துட்டுத் தீர்ப்புச் சொல்லுங்க" என்றாள். காலையிலிருந்து கடைவாயைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த நீதிபதிக்குப் பொறுமை போய்விட்டது. "இப்படியெல்லாம் பேசணும்னா முதல்ல சட்டப்பள்ளிக்குப் போய்ப் படிச்சுட்டு வாம்மா" என்று சொல்லி வழக்கைத் தள்ளினார். வேறு யாராவது என்றால் மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஓமா நேரே போய் விண்ணப்பப் படிவம் வாங்கினாள். சட்டப்பள்ளி அதே தெருவில் நூறடி தள்ளித்தான் இருந்தது.

அந்த மலையில் ஒரு சட்டப்பள்ளி இருப்பதே பெரிய வேடிக்கை. நிலக்கரி வேலைகள் ஒவ்வொன்றாகப் போன காலத்தில், ஊருக்குப் புதிதாக எதைக் கொண்டுவரலாம் என்று மாவட்டத்துப் பெரிய மனிதர்கள் கூடிப் பேசினார்கள். சிறைச்சாலை என்றது ஒரு கட்சி, சட்டப்பள்ளி என்றது இன்னொரு கட்சி. பக்கத்து மாவட்டம் முந்திக்கொண்டு சிறையை வாங்கிவிட்டது. மிச்சமிருந்தது இது. கம்பெனி கைவிட்டுப் போன பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் பள்ளியைத் திறந்தார்கள். புத்தகப் பாரத்தைத் தாங்கும் தரை பிணவறையில்தான் இருந்தது என்பதால் நூலகம் அங்கே போயிற்று. ஆப்பரேஷன் அறையில் மாதிரி நீதிமன்றம் நடந்தது. மேலே தொங்கிய பெரிய விளக்கைக் கழற்ற ஆள் கிடைக்காததால், வாதாடுகிறவன் முகத்தில் அது பளீரென்று அடிக்கும், பொய் சொல்வது கஷ்டம்.

ஒப்பந்தச் சட்ட வகுப்பு நடந்தது பழைய பிரசவ வார்டில். முதல் நாள் எல்லோரும் தங்களைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும் என்றார் பேராசிரியர் ஃபென்விக், வடக்கே பெரிய நகரத்திலிருந்து வந்தவர். ஓமா எழுந்து, "என் பேரு ஓமா டீல், வயசு நாப்பத்தொம்பது. நீங்க நிக்கிறீங்களே, அந்த இடத்துலதான் நான் பொறந்தேன்" என்றாள். ஃபென்விக் தன்னையறியாமல் ஓரடி நகர்ந்து நின்றார். அன்றிலிருந்து வகுப்பே அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது.

அவள் கணவன் ஹோபர்ட், சுரங்கத்தில் பாதி நுரையீரலை விட்டுவிட்டு வந்தவன், படிப்புக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "படி. யார் வேணாம்னா? ஆனா வீட்டுக்குள்ள என்கிட்ட வாதாடக் கூடாது. எனக்கு மூச்சு வாங்கும்."

அறுபது பேர் படித்தார்கள். வேறு எங்கும் இடம் கிடைக்காததால் வந்தது பாதி, ஊரைவிட்டுப் போக மனமில்லாதது மீதி. வசந்தத்தில் மலையில் காட்டுப்பூண்டு முளைத்துவிட்டால் எல்லோரும் அதையே வதக்கித் தின்றுவிட்டு வகுப்புக்கு வருவார்கள், வெளியூர்ப் பேராசிரியர்கள் சன்னலோரமாகவே நின்று பாடம் நடத்துவார்கள். ஒரு முறை வாகனம் நிறுத்துமிடத்தில் கரடி ஒன்று குப்பைத் தொட்டியோடு மல்லுக்கட்டி நின்றதால் சாட்சியச் சட்டப் பரீட்சை ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. அந்தக் கரடிக்கு மாணவர்கள் கௌரவப் பட்டம் கொடுக்கச் சொல்லி மனுப் போட்டார்கள். முதல் கையெழுத்து ஓமாவுடையது.

அந்தப் பள்ளிக்கென்று ஒரு விதி உண்டு. ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு பருவத்திலும் இருபத்தைந்து மணி நேரம் ஊருக்காகக் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். உழைக்காதவருக்குப் பட்டம் கிடையாது. பெரும்பாலோர் இலவச உணவுக் கிடங்குக்குப் போவார்கள். சனிக்கிழமை லாரி வரும், உருளைக்கிழங்கு மூட்டையும் பீன்ஸ் டப்பாக்களும் இறக்க வேண்டும். வந்தவர் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போடும் பொறுப்பை ஓமாவிடம் கொடுத்திருந்தார்கள். வயதானவள், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், அதனால் பொய் எழுத மாட்டாள் என்பது நிர்வாகத்தின் கணக்கு.

மூன்றாம் வருடம் முதலில் அவளிடம் வந்து நின்றவன் கார்லன் ரேட்லிஃப். அவன் அப்பா அந்தப் பருவம் முழுக்கப் புற்றுநோயில் கிடந்தார். அவன் முழுக்க விஸ்கியில் கிடந்தான். "அக்கா, ஒரு மணி நேரம்கூட நான் போகலை. பட்டம் போயிடும். யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றான். அடுத்த வாரம் ரெனிட்டா முல்லின்ஸ், கைக்குழந்தையோடும் கண்ணீரோடும். குழந்தையின் தகப்பன் டென்னசிக்குப் போனவன் போனவன்தான். மூன்றாவதாக டிவிஸ் கீன். அவன் அப்பாவுக்கும் நோயில்லை, கையில் குழந்தையுமில்லை. "மீன் சீசன் அக்கா, என்ன செய்யச் சொல்றே?" என்றான். மூன்று பேரையும் ஓமா வாய்க்கு வந்தபடி திட்டினாள். பிறகு மூன்று தாளிலும் இருபத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தன் ஒருவருக்கு மட்டுமே அக்கா இதைச் செய்தாள் என்று மூவரும் தனித்தனியாக நம்பினார்கள்.

பட்டம் வாங்கியதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வக்கீல் தொழில் செய்ய மாநிலம் நடத்தும் தேர்வில் தேற வேண்டும். அந்தத் தேர்வுக்குக் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டுதான் போக வேண்டும், ஆனால் காலில் சத்தம் வராத கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொள்ள வேண்டும், மரத்தரை டக்டக்கென்றால் பக்கத்தில் எழுதுகிறவனுக்குக் கவனம் சிதறுமாம். ஓமாவிடம் இருந்த ஒரே சூட்டு சாவு வீட்டுக்குப் போகிற கறுப்பு. அதோடு பேரனின் பச்சை நிறக் கூடைப்பந்து ஷூவை மாட்டிக்கொண்டு போனாள். கார்லனும் ரெனிட்டாவும் டிவிஸும் முதல் தடவையிலேயே தேறிவிட்டார்கள். ஓமா தேறவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாவது, நான்காவது. ஒவ்வொரு முறையும் அந்த மூவரும் அவளோடு வண்டியில் போவார்கள், சோள ரொட்டியும் வறுத்த கோழியும் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து சீட்டாடுவார்கள், தோற்ற செய்தி வந்ததும் மொத்தமாக வந்து அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கேள்வித்தாள் போட்டவனின் வம்சத்தையே திட்டுவார்கள். இடையில் அவள் மறுபடி பேருந்து ஓட்டினாள். சிவப்பு விளக்குப் போட்டுப் பிள்ளைகள் ஏறும் இடைவெளியில் வாரிசுரிமைச் சட்டத்தை முணுமுணுத்தாள். ஐந்தாவது முறை, ஐம்பத்தைந்தாம் வயதில், தேறினாள்.

செய்தி வந்த அன்று மற்றப் பத்து வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாட்டோடு வந்துவிட்டார்கள். கிணற்றுப் பிரச்சினை இன்னும் அப்படியே கிடந்தது, அவர்கள் இன்னும் நான்கு மைல் போய்க் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "இனி நம்மகிட்டயும் ஒரு வக்கீல் இருக்கு" என்று அடுத்த வீட்டுக்காரர் சொன்னபோது ஓமா, "உரிமம் இன்னும் கைக்கு வரலைய்யா, முதல்ல கோழியைத் தின்னு" என்று அதட்டினாள்.

உரிமத்துக்கு முன்னால் இன்னொரு படிவம் இருந்தது. நன்னடத்தைப் படிவம். "உங்கள் நேர்மையைப் பற்றிக் கேள்வி எழுப்பக்கூடிய அனைத்துச் சம்பவங்களையும் குறிப்பிடவும்" என்று அதில் ஒரு கேள்வி, அதற்குக் கீழே மூன்று வரி இடம். ஃபென்விக் முதல் வருடத்திலேயே எச்சரித்திருந்தார்: "தப்பு செஞ்சதுக்காக யாரையும் தள்ள மாட்டாங்க. மறைச்சதுக்காகத் தள்ளுவாங்க. எதையும் மறைக்காதீங்க." அவர் மனதில் இருந்தது அதிவேகமாக வண்டி ஓட்டிய அபராதச் சீட்டு.

ஓமாவின் மனதில் இருந்தது அவள் கோயில். அந்த மலைக் கோயிலில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்தபின் ஒருநாள் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, செய்த பாவத்தையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்லச் சபை அழும், பிறகு ஒவ்வொருவராக வந்து கைகுலுக்கும். நேர்மையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் எப்படிப் பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான். மூன்று வரி போதவில்லை. அவள் நாற்பத்து மூன்று பக்கம் எழுதினாள்.

கம்பெனி நிலத்தில் புகுந்து, மருந்துக்கு விலைபோகும் ஜின்செங் கிழங்கு தோண்டியது, பன்னிரண்டு முறை, ஆண்டு வாரியாக. வேட்டை சீசன் இல்லாத காலத்தில் மான் சுட்டது, மானின் எடையோடு. நாத்தனாரைச் சாவு வீட்டில் வைத்து உருளைக்கிழங்குப் பாத்திரத்தால் அடித்தது. ஒரு தேர்தலில் தன் ஓட்டை அரைப்புட்டி விஸ்கிக்கு விற்றது, வாங்கினவனுக்குப் போடாமல் எதிராளிக்குப் போட்டது, ஆகவே இது இரண்டு பாவமாகக் கணக்கிடப்பட வேண்டும் என்ற குறிப்போடு. ஹோபர்ட் படித்துப் பார்த்துவிட்டு, "பதினேழாம் பக்கத்துல இருக்கிற மானு நான் சுட்டது" என்றான். "நான்தானே தின்னேன்" என்றாள் அவள்.

ஒன்றை மட்டும் அவள் எழுதவில்லை. அந்த மூன்று தாள்கள். கோயிலில் தன் பாவத்தை மட்டும்தான் சொல்லலாம். அடுத்தவன் பாவத்தைச் சபையில் எடுத்தால் அதற்குப் பெயர் புறணி. தாள்களைப் பற்றி எழுதினால் மூன்று பேரும் மாட்டுவார்கள். நான்கு இரவு புரண்டு புரண்டு படுத்துவிட்டு, அதை விட்டுவிட்டுப் படிவத்தைத் தபாலில் போட்டாள்.

இரண்டே வாரத்தில் விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. நடத்தைக்குச் சாட்சி சொல்ல ஆட்களை அழைத்து வரலாம் என்றும் இருந்தது. கேட்பதற்கு முன்பே மூவரும் கிளம்பி நின்றார்கள். ரெனிட்டா அதற்குள் மூன்று மாவட்டத்து விவாகரத்தையும் குத்தகைக்கு எடுத்தவள் மாதிரி இருந்தாள். டிவிஸ் சுரங்கத் தொழிலாளிகளின் நுரையீரல் நோய் வழக்குகளை எடுத்து, மீன் சீசன் போக மற்ற மாதங்களில் நன்றாகவே நடத்தினான். கார்லன் குடியை விட்டு, மாவட்ட அரசு வழக்கறிஞர் ஆகியிருந்தான். முன்பிருந்தவர் நாற்காலியிலேயே செத்துப்போனதால் இடைக்காலமாகக் கிடைத்த பதவி. அதைத் தக்கவைத்துக்கொள்ள மூன்று வாரத்தில் தேர்தல். ஊர்க் கம்பமெல்லாம் "கார்லன் ரேட்லிஃப், நேர்மையான கை" என்று அட்டை தொங்கியது.

கோயில் வேனில் மூன்று மணி நேரம் போனார்கள். வண்டியை ஓட்டியது ஓமா. வேறு யாராவது ஓட்டினால் அவளுக்கு வாந்தி வரும். நகரத்தில் ஒரு வங்கிக் கட்டடத்தின் பதினான்காம் மாடியில் குழு உட்கார்ந்திருந்தது. தலைவி திருமதி பெண்டில்டன், மெலிந்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள், ஒருவர் தூக்கத்தை மறைக்கவும் மற்றவர் சிரிப்பை மறைக்கவும் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பத்து மூன்று பக்கமும் மேசைமேல் இருந்தது, ஓரமெல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டி.

"இருபத்திரண்டாம் பக்கம்" என்றார் தலைவி. "பள்ளிப் பேருந்தை விட்டு ஒருவருடைய தபால் பெட்டியை இடிச்சிருக்கீங்க. தெரிஞ்சேதானா?"

"ஆமாங்க. ரெண்டு தடவ."

"ரெண்டாவது தடவை எதுக்கு?"

"முதல் தடவ அது சாயலைங்க."

சிரிப்பை மறைத்தவர் குனிந்து பேனா தேடினார். தலைவி சிரிக்கவில்லை. "பேருந்தில் பிள்ளைகள் இருந்தாங்களா?"

"ஐயோ இல்லைங்க! காலி வண்டி. பிள்ளைங்களை வச்சுக்கிட்டு அப்படிச் செய்வேனா?"

பிறகு சாட்சிகள். ரெனிட்டா எழுந்து, "அக்காவைப் பத்திச் சந்தேகப்படறவங்க முதல்ல எங்க மாவட்டத்து மத்த வக்கீலுங்களைப் பாக்கணும்" என்று ஆரம்பித்தாள், உடனே உட்காரச் சொன்னார்கள். டிவிஸ், "என் வாழ்க்கையில எனக்குப் பயமா இருக்கிற ஒரே ஆளு அக்காதான், அதுவே பெரிய நன்னடத்தை" என்றான். கார்லன் மட்டும் ஒழுங்காகப் பேசினான். நீல டை கட்டியிருந்தான். "எங்க அப்பா சாகக் கிடந்தப்போ என்னைத் தரையிலேருந்து தூக்கி நிறுத்தினது இவங்க. இவங்க பொய் சொல்லி நான் பாத்ததில்லை" என்றான். சொல்லி முடித்ததும் அவன் காது சிவந்தது. ஓமா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவி பக்கங்களை அடுக்கி வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். "கடைசியா ஒரு கேள்வி, திருமதி டீல். எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். இந்தப் படிவத்தில் நீங்கள் எழுதாமல் விட்டது ஏதாவது இருக்கா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் உரிமம் அவள் கையில். பதினோரு வீட்டுக்கும் வக்கீல் வந்தாயிற்று. ஐந்து முறை எழுதிய தேர்வு, ஹோபர்டின் இருமல், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் போதும். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. வாயைத் திறந்தாள்.

"இருக்குங்க" என்றாள்.

பின்னால் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது.

"படிக்கிறப்போ, ஊர் வேலைக் கணக்குத் தாள்ல நான் பொய்யாக் கையெழுத்துப் போட்டிருக்கேன். வராத ஆளு இருபத்தஞ்சு மணி நேரம் வந்ததா எழுதினேன். மூணு பேருக்கு."

"யாருக்கு?"

"என் பாவத்தைச் சொல்லிட்டேங்க. அவங்க பேரைச் சொல்ல மாட்டேன்."

"சொல்லாவிட்டால் இந்தக் குழு உங்களுக்கு உரிமம் தர முடியாமல் போகலாம். புரியுதா?"

"புரியுதுங்க." அழக்கூடாது என்று தொடையைக் கிள்ளிக்கொண்டாள். "தராதீங்க. பேரு சொல்ல மாட்டேன்."

கார்லன் எழுந்து நின்றான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "அம்மா, அது நான்" என்றான் தலைவியிடம்.

"டேய் உக்காருடா!" என்று ஓமா திரும்பிக் கத்தினாள். "மூணு வாரத்துல தேர்தல வச்சுக்கிட்டு! நான் பேரைச் சொன்னேனா?"

"நீ ஏன்டா எழுந்திரிக்கிறே?" என்று ரெனிட்டாவும் எழுந்தாள். "அது நான்டா. என் தாளு அது."

"உன்னோடதா?" என்றான் டிவிஸ் இருக்கையை விட்டு மெல்லக் கிளம்பி. "அப்போ என்னோடது? அக்கா, எனக்கு மட்டும்தான் செஞ்சேன்னு நெனச்சுல்ல நான் உனக்கு வருஷா வருஷம் மீன் கொண்டாந்து குடுத்தேன்!"

அதுவரை தூக்கத்தை மறைத்துக்கொண்டிருந்தவர் இப்போது நன்றாக விழித்திருந்தார். குழுவின் முன்னால் பதவியிலிருக்கும் அரசு வழக்கறிஞர் ஒருவரும் வக்கீல்கள் இருவரும் குற்றவாளிகளாக வரிசையில் நின்றார்கள். அவர்களைக் குற்றவாளியாக்கியவள் அவர்களை உட்காரச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

தலைவி மேசையைத் தட்டினார். "ஆக, எழுபத்தைந்து மணி நேர உழைப்பு அந்த ஊருக்குக் கிடைக்காமல் போச்சு. பசித்தவங்களுக்கான உணவுக் கிடங்கு. அதைத்தான் நீங்க எழுதாமல் விட்டீங்க."

"இல்லைங்க" என்றாள் ஓமா. "வேலை நடந்துச்சுங்க."

"யார் செஞ்சாங்க?"

தலைவி திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.

"நான்தாங்க. புதன்கிழம சாயங்காலம் இன்னொரு லாரி வரும். அதுல போய்ச் செஞ்சேன். கார்லனோடது முதல்ல, அப்புறம் இந்தப் பொண்ணோடது. இந்த மீன்காரனோடதை முடிக்கிறதுக்குள்ள பனி விழ ஆரம்பிச்சிடுச்சு. மூட்டை இறங்காம இருபத்தஞ்சுன்னு எழுத எனக்குக் கை வரலைங்க. ஆளுதான் பொய்யி. மணிக்கணக்கு நெசம்."

ரெனிட்டா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கார்லன் விழுந்து கிடந்த நாற்காலியைப் பார்த்தான், அதை நிமிர்த்தத் தோன்றவில்லை அவனுக்கு. அந்தப் பருவத்தில் ஓமாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டு ஒரு மாதம் வளைந்தபடி வகுப்புக்கு வந்ததும், கிழவி நடை என்று தான் அவளைக் கேலி செய்ததும் அவனுக்கு நினைவு வந்தன.

"இதை ஏன் படிவத்தில் எழுதலை?" தலைவியின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நாற்பத்து மூன்று பக்கம் எழுதினீங்களே. இது உங்களுக்குச் சாதகமான விஷயமாச்சே."

ஓமா நிஜமாகவே திகைத்துப் போனாள். "அதை எப்படிங்க எழுதறது? பீத்திக்கிட்ட மாதிரி ஆயிடாதா? நீங்க தப்பைத்தானே கேட்டிருந்தீங்க."

குழு உள்ளே போய் நாற்பது நிமிடம் பேசியது. வெளியே நடைக்கூடத்தில் நால்வரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ரெனிட்டாதான் முதலில் வெடித்தாள். "ஏன் எங்ககிட்ட சொல்லலை நீ? எழுபத்தஞ்சு மணி நேரம்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா வந்து மூட்டை தூக்கியிருப்பீங்களா?"

ரெனிட்டா யோசித்தாள். "மாட்டோம்."

"அப்புறம் என்ன வாயி?"

திரும்ப அழைத்தபோது தலைவி எழுந்து நின்றே பேசினார். பொய்க் கையெழுத்து பொய்க் கையெழுத்துதான், அது பதிவேட்டில் ஏறும். மற்ற மூவர் விஷயம் மேலிடத்துக்குப் போகும், அவர்கள் தாங்களாக ஒப்புக்கொண்டதையும் சேர்த்து எழுதுவார்கள். உரிமம் வழங்கப்படுகிறது. "ஒரே ஒரு அறிவுரை, திருமதி டீல்" என்றார். "உங்க கட்சிக்காரங்க யாரையும் இப்படிப் பேச விட்றாதீங்க." சொல்லிவிட்டு மேசையைச் சுற்றி வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். தூங்குமூஞ்சிக்காரரும் வந்து குலுக்கினார். கோயிலில் நடப்பது போலவே நடந்ததால் ஓமாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. மூக்கைச் சிந்த அவளிடம் கைக்குட்டை இல்லை. டிவிஸ் தன் டையைக் கழற்றிக் கொடுத்தான்.

செய்தி பத்திரிகையில் வந்துவிட்டது. நேர்மையான கை என்ற அட்டைகளின்மேல் யாரோ கறுப்பு மையால் கண்டபடி எழுதி வைத்தார்கள். கார்லன் இருநூற்றுச் சொச்சம் ஓட்டில் தோற்றான். தோற்ற மறுநாள் ஓமா பெர்ரிப் பழ ஜாம் போட்ட பணியாரம் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய், கதவைத் தட்டி, "முட்டாப் பயலே, உன்னை யாருடா எழுந்து நிக்கச் சொன்னா?" என்று அரை மணி நேரம் திட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் தின்று தீர்த்தான்.

அந்த வாரமே பதினோரு வீட்டுக்காரர்கள் சார்பில் கம்பெனிமீது புது வழக்குப் போடப்பட்டது. வழக்கறிஞர் என்ற இடத்தில் ஓமா டீல் என்று எழுதியிருந்தது. கம்பெனியின் வக்கீல்கள் ஏழு பேர் வந்திறங்கினார்கள்.

சனிக்கிழமை காலை ஓமா வழக்குக் கட்டோடு உணவுக் கிடங்குக்குப் போனபோது லாரிக்குப் பின்னால் கார்லன் நின்றுகொண்டிருந்தான். பழைய சட்டை, கையுறை. யாரும் அவனை வரச் சொல்லவில்லை. அவள் மேசையில் உட்கார்ந்து காகிதங்களைப் படிக்க ஆரம்பித்தாள். அவன் மூட்டை மூட்டையாக இறக்கினான். மதியம் லாரி காலியானதும் வியர்வையோடு வந்து ஒரு தாளை அவள் முன் வைத்தான்.

"நாலு மணி நேரம் அக்கா" என்றான். "கையெழுத்துப் போடு."

ஓமா கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள். பேனாவை எடுத்து, நிதானமாக, மூன்றே முக்கால் என்று எழுதினாள்.

"சிகரெட் குடிச்சது என் கண்ணுல படலைன்னு நெனச்சியா?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.